நாலு கொம்பு

ஆடி பதினொன்று, காலை எட்டு மணி ஐந்து நிமிடம். காரைக்கால் கால்நடை மருத்துவமனையின் இரும்புக் கதவைச் சோமு திறந்தபோது நெடுங்காட்டுச் சம்பந்தம் முதல் ஆளாக நின்றார். அவருக்குப் பின்னால் இரண்டு மாடுகள். மாடுகளுக்குப் பின்னால் அவர் மனைவி தையல்நாயகி. கடைசியில், தலையில் வைக்கோல் கட்டோடு பண்ணையாள் மாரிக்கண்ணு. விடியுமுன் கிளம்பி நடந்தே வந்திருந்தார்கள்.

சோமு கம்பவுண்டர். மருந்து கலக்குவது, பேர் எழுதுவது, கோழிக்குச் சொட்டு மருந்து விடுவது, வருகிறவர்களோடு சண்டை போடுவது எல்லாம் அவன்தான்.

“மூணாவது தடவ” என்றான்.

“ரெண்டாவது” என்றார் சம்பந்தம்.

“சித்திரைல ஒண்ணு. ஆனி பொறந்து ஒண்ணு. இன்னைக்கு ஒண்ணு. நோட்டுல இருக்கு, காட்டவா?”

“நோட்டு கெடக்குது. டாக்டரு இருக்காரா?”

“சுரக்குடிக்கு ஊசி போடப் போயிருக்காரு. வந்துருவாரு. நோயாளி எது?”

“வலத்தான்.”

“அப்ப அது எதுக்கு வந்துருக்கு?”

“அது வராம இது நடக்காது.”

நுகத்தில் வலப்பக்கம் நிற்பது வலத்தான். இடப்பக்கம் நிற்பது இடத்தான். அதற்குமேல் அவற்றுக்குப் பெயர் இல்லை. சோமு பதிவேட்டில் சொந்தக்காரர் பெயரை எழுதினான். திருஞானசம்பந்தம். கட்டத்துக்குள் அடங்காமல், மாட்டின் வயது எழுத வேண்டிய அடுத்த கட்டத்தில் போய் முடிந்தது.

இந்தப் பக்கத்து உழவு மாடுகளுக்குக் கொம்பு கிடையாது. கன்றாக இருக்கும்போதே குருத்தைத் தீய்த்துவிடுவார்கள். காது மடலையும் கத்தரிப்பார்கள். மொட்டை மாடு என்று பெயர். சேற்றில் சட்டென்று திரும்பும். நாலு வருடம் முன்பு, எழுபத்தைந்தாம் ஆண்டில், சம்பந்தம் காங்கேயம் பக்கம் போய், கை நீளத்துக்குக் கொம்பு உள்ள ஜோடி ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்தார். வண்டி தெருமுனையில் திரும்புமுன்னே கொம்பு தெரியும். பிள்ளைகள் கத்தும். மொட்டை மாட்டுக்காரர்களைப் பார்த்தால் அவரால் சும்மா போக முடியாது. “தலைக்கு எண்ண தேச்சு விடுங்கய்யா, முடியாச்சும் வளரட்டும்” என்பார். ஊர் அதைக் கேட்டுக்கொண்டது. மறக்கவில்லை.

இப்போது வலத்தானின் வலக்கொம்பு காதுப் பக்கம் இரண்டு விரற்கடை சரிந்திருந்தது. சித்திரையில் தலையை உதற ஆரம்பித்த மாடு. வைகாசியில் கொம்பைச் சுவரில் தேய்த்தது. ஆனியில் வலது மூக்கில் ரத்தம் கசிந்தது.

டாக்டர் ரொபேர் எட்டே முக்காலுக்கு ஸ்கூட்டரில் வந்தார். காரைக்கால்காரர். சென்னையில் படித்தவர். ஆட்டுக்கும் கோழிக்கும் பசுவுக்கும் நாய்க்கும் அவர் ஒருவர்தான். சினை ஊசியும் அவர்தான், அறுவையும் அவர்தான். சம்பந்தத்தைப் பார்த்ததும் ஸ்கூட்டரை நிறுத்தாமல் இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டிப்போய் வேப்ப மரத்தடியில் நிறுத்தினார். திரும்பி நடந்து வந்தார். விரலை மடக்கி இரண்டு கொம்பையும் தட்டினார். ஒன்று கணீர் என்றது. இன்னொன்று ஊறிய பலகைபோல அடங்கிய சத்தம் போட்டது.

அடிக்கொம்பில் மஞ்சள், அதன்மேல் வேப்பெண்ணெய், அதன்மேல் சாணி.

“இதென்ன?”

“மருந்துங்க.”

“யாரு சொன்னா?”

“எல்லாருந்தான்.”

“நான் என்ன சொன்னேன்?”

சம்பந்தம் மாட்டின் திமிலைத் தடவினார்.

“கொம்புல புத்துநோவுன்னு சொன்னேன். எடுத்துரணும்னு சொன்னேன். சித்திரைலயே சொன்னேன். இன்னும் பதினஞ்சு நாள் போனா மண்டைக்குள்ள எறங்கிரும். அப்பறம் இங்க கொண்டுவராதீங்க.”

“எடுத்தா பொழைக்குங்களா?”

“இந்த அளவுல எடுத்துப் பொழைச்ச மாடு இருக்கு.”

“எத்தன நாள்ல நொகத்துல பூட்டலாம்?”

“ஒரு மாசம்.”

“பத்து நாள்ல தண்ணி வந்துருங்களே டாக்டரய்யா.”

“அத ஆத்துக்கிட்ட போய்ச் சொல்லுங்க.”

நெடுங்காடு காவிரியின் கடைசி வாய்க்கால்களில் இருக்கிறது. மேலே எல்லோரும் குடித்த பிறகு வருவதுதான் தண்ணீர். வந்தால் உடனே உழ வேண்டும். காத்திருந்தால் இன்னொருவன் வயலுக்குப் போய்விடும்.

சம்பந்தம் தலையை ஆட்டினார்.

“சரிங்க. எடுத்துருங்க. நாலையும் எடுத்துருங்க.”

“எது நாலு?”

“இதுல ரெண்டு. அதுல ரெண்டு.”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டார்.

“அதுக்கு என்ன நோவு?”

“நோவு ஒண்ணும் இல்லீங்க. ஜோடி மாடு. ஒண்ணு ஒத்தக் கொம்போட நின்னா ஜோடியா அது? நாலையும் எடுத்துட்டா மொட்ட மாட்டோட மொட்ட மாடா போயிரும். ஒருத்தன் ஒரு பேச்சுப் பேச முடியாது.”

“ஒரு வீட்டுல ஒருத்தருக்குப் பல்லப் புடுங்குனா எல்லாருக்குமா புடுங்குவாங்க?”

“அவங்கள ஒரே நொகத்துல பூட்டறதில்லீங்களே.”

“ஏன் பூட்டல?” என்றாள் தையல்நாயகி. “முப்பது வருசமா ஒங்களோட பூட்டித்தான இருக்கு. போன வருசம் எனக்கு ரெண்டு பல்லு போச்சு. நீங்க போய் ரெண்டு புடுங்கிக்கிட்டீங்களா?”

பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒர்த்தான்ஸ் அம்மாள் வாய்விட்டுச் சிரித்தாள். தலத்தெருக்காரி. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து செத்தவரின் மனைவி. மடியில் சடை நாய். அதன் காதில் சீழ். தினமும் காது கழுவ வருவாள்.

“கன்னுக்குத் தீய்க்கறது வேற” என்றார் டாக்டர். “அது தோலுக்கு மேல குருத்து. இது வளந்த கொம்பு. உள்ள மூக்கு வரைக்கும் தொளை. நல்ல மாட்டுத் தலைல நான் ரம்பம் வைக்க மாட்டேன்.”

“கொம்புள்ளது கொம்பில்லாததக் குத்துங்க.”

“நாலு வருசம் ஒண்ணா நின்ன மாடு குத்துமா?”

“நீங்க மாடு வெச்சிருக்கீங்களா டாக்டரய்யா?”

சம்பந்தம் வலத்தானின் கயிற்றை அவிழ்த்தார். தையல்நாயகி சோற்று வாளியைத் தரையில் வைத்தாள். வாளிக்குப் பக்கத்தில், மாட்டின் முன்னங்காலுக்குப் பக்கத்தில், தானும் உட்கார்ந்தாள்.

“எந்திரி.”

“மாடு இங்கதான் இருக்கும். நானும் இங்கதான் இருப்பேன். நீங்க போறதுன்னா போங்க.”

“ஏய் தையலு, ஆளு பாக்குது.”

“பாக்கட்டும். இது செத்து நீங்க ஒத்த மாட்ட வெச்சிக்கிட்டு நிக்கிறதயும் இந்த ஆளுதான் பாக்கப் போவுது.”

சோமு சம்மதக் காகிதத்தை நீட்டினான். சம்பந்தம் கையெழுத்துப் போட்டார். பேனா முனை காகிதத்தைக் கிழித்தது. இடத்தானை இழுத்துக்கொண்டு கதவைத் தாண்டினார். இடத்தான் வர மறுத்துத் திரும்பித் திரும்பி நின்றது. தெருவில் வெகு நேரம் அவர் அதைத் திட்டும் சத்தம் கேட்டது.

*

மாரிக்கண்ணு கயிற்றை மாட்டின் உடம்பில் மூன்று சுற்றுச் சுற்றி இழுத்தான். வலத்தான் முன்னங்காலை மடக்கி, மூட்டை இறங்குவதுபோல வைக்கோலில் சாய்ந்தது. லாடம் அடிக்கும்போதும் அப்படித்தான் சாய்ப்பான். தையல்நாயகி அதன் தாடையைப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் கண்ணுக்கு மேல் எலும்போரத்தில் மரத்துப்போக ஊசி போட்டார். பத்து நிமிடம் காத்திருந்தார். அடிக்கொம்பைச் சுற்றித் தோலைக் கீறினார். பிறகு கொம்பை அறுக்கும் முறுக்குக் கம்பி. இரண்டு முனையிலும் கைப்பிடி. வலக்கை, இடக்கை, வலக்கை. எலும்பு கருகும் வாடை வந்தது. சோமு கம்பியின்மேல் தண்ணீர் ஊற்றினான். ரத்தம் டாக்டரின் சட்டையில் பீய்ச்சியது. அவர் இடுக்கியால் ஒவ்வொரு ரத்தக் குழாயாகப் பிடித்தார்.

கொம்பு தரையில் விழுந்தது. அது இருந்த இடத்தில் முடிச்சு முடிச்சாகச் சதை. நாற்றம் தாங்காமல் ஒர்த்தான்ஸ் அம்மாள் நாயின் மூக்கைப் பொத்தினாள்.

சுரண்டி, கழுவி, தோலை இழுத்துத் தைக்க ஒரு மணி நேரமானது. பிறகு கட்டு. வெட்டிய இடத்தில் ஒரு சுற்று, மிச்சமிருந்த இடக்கொம்பில் ஒரு சுற்று என்று துணியை மாற்றி மாற்றிச் சுற்றினார்.

“பாத்தீங்களா அம்மா? இந்த ஒரு கொம்பு இருக்கறதாலதான் கட்டு நிக்கிது. ஒங்க வீட்டுக்காரர் பேச்சக் கேட்டிருந்தா துணிய எதுல மாட்டறது?”

வெட்டிய கொம்பைச் சோமு குழியில் போட எடுத்துப் போனான்.

“ஐயா கேப்பாரு” என்றான் மாரிக்கண்ணு.

“கேட்டா குழியக் காட்டு” என்றாள் தையல்நாயகி.

*

உள்நோயாளி மாட்டோடு வீட்டார் ஒருவர் இருக்க வேண்டும் என்பது விதி. தீனி, தண்ணீர், சாணி எல்லாம் வீட்டார் பொறுப்பு. கொட்டகைக்குப் பின்னால் மூன்று செங்கல் வைத்துத் தையல்நாயகி சோறு பொங்கினாள். தொட்டுக்கொள்ள நார்த்தங்காய். பகலில் புழுக்கம். மூன்று மணிக்குமேல் கடல் காற்று மணலை அள்ளிக்கொண்டு வந்து சோற்றில் போட்டது. ஈதான் பெரிய வேலை. வேப்பங்குழையால் ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஓர் ஈ உட்கார்ந்தால் புழு வைக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

காலை எட்டிலிருந்து கதவடியில் பேச்சு ஓயாது. வயிறு உப்பிய கன்று. குடல் சரிந்த கிடாரி. இறக்கை விழுந்த கோழிகளைக் கூடையோடு கொண்டுவந்து, பாதி செத்த பிறகு கொண்டுவந்தாயே என்று சோமுவிடம் ஏச்சு வாங்குகிறவர்கள். எல்லாரிடமும் டாக்டர் முதலில் கேட்பது ஒன்றுதான்: எத்தனை நாளாக? எல்லாரும் சொல்வதும் ஒன்றுதான்: நேற்றிலிருந்துதான்.

மூன்றாம் நாள் கட்டுத் துணி தீர்ந்தது. “எழுதிப் போட்டிருக்கேன், பாண்டிச்சேரிலேருந்து வரணும்” என்றார் டாக்டர். மூன்று மாதமாக அதையே சொல்கிறார் என்றான் சோமு. தையல்நாயகி மாற்றுச் சேலையைப் பாதியாகக் கிழித்தாள். சோமு வெந்நீரில் போட்டு எடுத்தான்.

ஒர்த்தான்ஸ் அம்மாள் நாயின் காது கழுவி முடிந்ததும் கொட்டகைக்கு வந்து உட்கார்ந்துவிடுவாள். ஒரு நாள் தூக்கில் மீன் குழம்பு கொண்டுவந்தாள்.

“நாங்க சைவமுங்க.”

“அப்பிடியா? நாங்களும் வெள்ளிக்கெழம கறி தொடமாட்டோம். மீனுதான்.”

தையல்நாயகி தூக்கை வாங்கி மாரிக்கண்ணுவிடம் கொடுத்தாள்.

“எம் பையன் ரோழே பிரான்சுக்கு வா வான்னு கூப்புடறான்” என்றாள் ஒர்த்தான்ஸ் அம்மாள். “நாயி இல்லாம நான் வரமாட்டேன்னுட்டேன். நாயிக்கு ஊசி போட்டுச் சீட்டு வாங்குன்னு எழுதறான். டாக்டரு காது ஆறட்டும்ங்கறாரு. காது ஆற மாட்டேங்குது. ஒங்க வீட்டுக்காரரு வந்து பாத்தாரா?”

“இல்லீங்க.”

“கோவமா?”

“கோவமா இருந்தாத் தேவல. ஏதோ யோசன பண்ணிக்கிட்டு இருக்காரு. அதான் பயமா இருக்கு.”

மாரிக்கண்ணு ஒரு நாள் விட்டு ஒரு நாள் வைக்கோலோடு சேதியும் கொண்டுவந்தான். தண்ணீர் மதகுக்கு வந்துவிட்டது. இல்லை, அது புரளி. ஐயா சரியாகச் சாப்பிடுவதில்லை. இடத்தானுக்கு எதிரே நின்று அதன் தலையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

“என்ன பேசறாரு?”

“கூச்சப்படும்ங்கறாரு.”

“யாரு?”

“வலத்தான். ஒத்தக் கொம்போட வந்து நின்னா, பக்கத்து மாட்டப் பாத்து அது கூச்சப்படும்ங்கறாரு.”

“நீ என்ன சொன்ன?”

“மாடு எங்கிட்ட அப்பிடிச் சொல்லலீங்கன்னேன்.”

*

ஆடி பதினேழு. காயம் காய்ந்திருந்தது. வலத்தான் முதல் முறையாகத் தவிட்டுத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தது. டாக்டர் கட்டை மாற்றிவிட்டுக் கை கழுவினார். “அம்மா, பொழைச்சிக்கும்” என்றார். அவர் சிரித்துத் தையல்நாயகி அன்றுதான் பார்த்தாள்.

பத்து மணிக்குக் கதவடியில் சத்தம் கேட்டது.

சம்பந்தம் முன்னால் வந்தார். வேட்டி முழுக்க ரத்தம். பின்னால் இடத்தான். அதன் தலையைச் சாக்கால் சுற்றி வாழைநாரால் கட்டியிருந்தது. சாக்கின் ஒரு பக்கம் சப்பையாக இருந்தது. இன்னொரு பக்கம் கொம்பு துருத்திக்கொண்டு ஆடியது. கயிற்றைப் பிடித்திருந்த மாரிக்கண்ணு தையல்நாயகியைப் பார்க்கவில்லை.

டாக்டர் சாக்கை அவிழ்த்தார். இடக்கொம்பு இல்லை. அந்த இடத்தில் கறுப்பாகப் பொடி அப்பியிருந்தது. வலக்கொம்பு பாதி அறுபட்டுத் தொங்கியது.

“இது என்ன பொடி?”

“காப்பித்தூளுங்க. ரத்தம் நிக்கும்னாங்க.”

“சிக்கரி கலந்ததா, கலக்காததா?” என்றான் சோமு.

“சோமு, வாய மூடு. யாரு அறுத்தது?”

“கன்னுக்குக் கொம்பு தீய்க்கிற ஆளு. நேத்து சாயங்காலம். ஒண்ண அறுத்தான். ரெண்டாவதுல பாதி போறப்ப ரத்தம் அவன் மூஞ்சில அடிச்சிது. ரம்பத்தக் கொம்புலயே விட்டுட்டு ஓடிட்டான்.”

“பாதி கொம்போடயா இங்க வரைக்கும் நடத்துனீங்க?”

“நீங்க முடியாதுன்னுட்டீங்களே.”

டாக்டருக்கு எல்லாம் ஒரே மூச்சில் வந்தது. “நான் எதுக்கய்யா முடியாதுன்னேன்? எதுக்குப் படிச்சேன்? ஒரு மாட்டக் காப்பாத்தி நிமிந்து அஞ்சு நிமிசம் ஆவல. நல்ல மாட்ட நோயாளியாக்கிக் கொண்டுவந்து நிறுத்தறீங்க. பதிவேட்டுல என்னன்னு எழுதறது? நோவு என்னன்னு கேட்டா என்ன எழுதறது? சொந்தக்காரர்னு எழுதவா?”

சம்பந்தம் தலை குனிந்து நின்றார். தையல்நாயகி எழுந்து வந்தாள். அவர் வேட்டியைப் பார்த்தாள். மாட்டின் தலையைப் பார்த்தாள். உள்ளே போய் மீதிப் பாதிச் சேலையை எடுத்துக் கிழிக்க ஆரம்பித்தாள்.

மறுபடி கயிறு. மறுபடி ஊசி. மறுபடி கம்பி. அறுத்தவன் எலும்பைப் பிசிறு பிசிறாக விட்டிருந்தான். காப்பித்தூளை மட்டும் கழுவி எடுக்க முக்கால் மணி ஆனது. மாட்டின் மூக்கு வழியாகவும் கறுப்பாக வந்தது. இந்தத் தடவை தாடையைச் சம்பந்தம் பிடித்துக்கொண்டார். கம்பி ஓடும்போது கண்ணை மூடிக்கொண்டார்.

“கண்ணத் தொறந்து பாருங்க” என்றாள் தையல்நாயகி. “நாலும்னு கேட்டீங்கல்ல. பாருங்க.”

தைத்து முடித்த பிறகு கட்டு நிற்கவில்லை. மாட்டுவதற்கு ஒன்றும் இல்லை. துணி வழுக்கி வழுக்கி மூக்கில் விழுந்தது. தையல்நாயகி சாக்கைத் தொப்பிபோல வெட்டி, காதுக்கு இரண்டு ஓட்டை போட்டு, சேலைக் கரையால் தாடைக்குக் கீழே முடிச்சுப் போட்டாள். அதைப் பார்த்து ஒர்த்தான்ஸ் அம்மாளின் நாய் குரைத்தது.

இடத்தானை எழுப்பிக் கொட்டகைக்குள் விட்டார்கள். தள்ளாடிப் போய் வலத்தானுக்கு இடப்பக்கம் நின்றது.

மணி இரண்டு. யாரும் சாப்பிடவில்லை. டாக்டர் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்திருந்தார். மாரிக்கண்ணு தொண்டையைச் செருமினான்.

“சொல்ல வேணாம்னு பாத்தேன். விடியக்காலைல வாய்க்கால்ல தண்ணி வந்துருச்சு.”

“எவ்வளவு?” என்றாள் தையல்நாயகி.

“மொழங்கால் அளவு.”

“வாய்க்காலோரம் நம்ம தலைப்பு வயலு?”

“நனைஞ்சிருக்கும்.”

அவள் கையைச் சேலையில் துடைத்தாள். “பக்கத்து வயலு அன்னபூரணி அக்கா வீட்டுக்குப் போ. அவங்க உழவு முடிஞ்சதும் மொட்ட மாட்ட ஒரு நாலு நாள் கேளு. நான் கேட்டேன்னு சொல்லு. இவரு கேட்டாருன்னு சொல்லாத.”

“அவங்கதான் போன பொங்கலுக்கு…” என்று இழுத்தான் மாரிக்கண்ணு.

“தெரியும். சீப்பு வாங்கித் தரவான்னு அவங்க மாட்டப் பாத்துக் கேட்டது இவருதான். பரவால்ல, போய்க் கேளு. ஏசுனா நின்னு வாங்கிக்க. ஏசிட்டுக் குடுத்துருவாங்க.”

மாரிக்கண்ணு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான்.

சம்பந்தம் தூணோரம் நின்றிருந்தார். சாக்குத் தொப்பி போட்ட இடத்தானைப் பார்த்தார். பிறகு வலத்தானைப் பார்த்தார். சேலைத் துணி சுற்றிய அதன் ஒற்றைக் கொம்பு கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. மறுபடி இடத்தானைப் பார்த்தார். தையல்நாயகி அவர் பார்ப்பதைப் பார்த்தாள். “வேணாம்” என்றாள் மெதுவாக. அவர் காதில் விழவில்லை. டாக்டர் பக்கம் திரும்பினார்.

“டாக்டரய்யா, வலத்தானுக்கு இன்னும் ஒண்ணு நிக்கிதுங்களே. கட்டப் பிரிச்சதும் அதயும் எடுத்துரலாங்களா?”